பேரப்பிள்ளைகளைப் பார்க்க முதல் முறை அமெரிக்கா போகிறீர்களா?

எங்கள் மகள் நியூ ஜெர்சியில், எடிசன் பக்கம் இருக்கிறாள். மகன் டல்லாஸில். என் தம்பி குடும்பம் டொரான்டோவில். நானும் என் கணவரும் கும்பகோணத்தில். இதுவரை மூன்று முறை அமெரிக்கா போய்வந்திருக்கிறோம். முதல் முறை பாதி நாள் கொட்டாவியும் பாதி நாள் சிணுங்கலுமாகக் கழிந்தது. மூன்றாம் முறை திரும்பி வரவே மனம் வரவில்லை. முதல் முறை, "பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்று கையைக் கட்டிக்கொண்டு போனோம். பிறகுதான் தேதியிலிருந்து படுக்கும் அறை வரை எல்லாவற்றையும் வாயைத் திறந்து கேட்கக் கற்றுக்கொண்டோம். எதை முதலில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் மாதம், பிறகுதான் டிக்கெட்

சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் தங்க அனுமதி தருகிறார்கள். தருகிறார்கள் என்பதற்காக ஆறு மாதமும் தங்க வேண்டும் என்பதில்லை. நாங்கள் முதல் முறை நவம்பரில் இறங்கினோம். மாலை நாலரை மணிக்கே இருட்டு, வெளியே பனி, சாத்திய ஜன்னல். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்கு, குழந்தைகள் பள்ளிக்கு. நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போதாக்குறைக்கு நான் மத்திய அரசு ஓய்வூதியர். நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்வுச் சான்றிதழைக் கொடுக்காமல் விமானம் ஏறிவிட்டேன். அடுத்த மாதமே ஓய்வூதியம் நின்றது.

முதல் பயணத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வாரம் போதும். மே நடுவில் போய் ஆகஸ்ட் நடுவில் திரும்புங்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. டெக்சாஸ் பள்ளிகள் மே இறுதியில் மூடி ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடுகின்றன. நியூ ஜெர்சியில் ஜூன் மூன்றாம் வாரம் வரை பள்ளி உண்டு, செப்டம்பரில்தான் திறக்கிறார்கள். ஆகவே இரண்டு வீட்டுக் குழந்தைகளும் ஒன்றாக விடுமுறையில் இருப்பது ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரைதான். குடும்பம் முழுவதும் கூட வேண்டுமானால் அந்த ஆறு வாரத்துக்குள் கூட வேண்டும். பெரியவர்களின் லீவோ ரேஷன் சர்க்கரை மாதிரி, எண்ணித்தான் கிடைக்கும். எனவே முந்தைய ஆண்டு நவராத்திரி முடிந்ததுமே எல்லோரையும் வீடியோ அழைப்பில் உட்கார வைத்துத் தேதியைக் கேளுங்கள். "பார்க்கலாம் அம்மா" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

பெயர் என்ற பெரிய சிக்கல்

விசா நேர்காணலுக்கு இடம் கிடைக்கச் சில சமயம் பல மாதங்கள் ஆகும். ஆகவே பயணத்துக்கு ஏழெட்டு மாதம் முன்பே பாஸ்போர்ட்டைக் கையில் எடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது பெயர். நமக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்ற மூன்று எழுத்துகளை அச்சிட்டுவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அறுபத்தெட்டு வயதில் பெயர் தெரியாதவளாகி நின்றேன். டிக்கெட்டில் பெயர் ஒரு மாதிரி, விசாவில் வேறு மாதிரி என்று விமான நிலைய கவுண்டரில் முக்கால் மணி நேரம் போனது. புதிதாக பாஸ்போர்ட் எடுப்பவர்கள் தந்தை பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராக முழுமையாக எழுதிவிடுங்கள். அறுபது வயதைக் கடந்தவர்களுக்குப் புதிய பாஸ்போர்ட் கட்டணத்தில் பத்து சதவீதம் சலுகை உண்டு. பழைய பாஸ்போர்ட் உள்ளவர்கள் செல்லுபடி காலம் போதிய அளவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கும் குறைவாக இருந்தால் புதுப்பித்த பிறகே மற்ற வேலை.

டி.எஸ். 160 என்ற விசா விண்ணப்பத்தைப் பிள்ளைகள் அங்கிருந்தே இணையத்தில் நிரப்பிவிடுவார்கள். நிரப்பியதை ஒரு பிரதி வாங்கி நீங்களும் படியுங்கள். நேர்காணலில் கேட்பது அதிலிருந்துதான். சென்னையில் கைரேகையும் புகைப்படமும் எடுக்க ஒரு நாள் வேறு இடத்துக்குப் போக வேண்டும். நேர்காணல் அண்ணா மேம்பாலத்தின் அருகிலுள்ள துணைத் தூதரகத்தில். கைபேசியை உள்ளே விடமாட்டார்கள். தமிழிலேயே பேசலாம். எங்களிடம் மகள் எங்கே வேலை பார்க்கிறாள், எத்தனை நாள் தங்குவீர்கள், செலவு யாருடையது, ஊரில் யார் இருக்கிறார்கள் என்று நாலைந்து கேள்விகள்தான். உண்மையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். நில பத்திரம், வங்கிக் கணக்கு என்று ஒரு மூட்டைக் காகிதம் கொண்டுபோனோம். அதைப் பார்க்கக்கூட இல்லை.

விசா பத்து ஆண்டுக்குக் கிடைத்தாலும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை அங்கே இறங்கும்போது அதிகாரிதான் தீர்மானிக்கிறார். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். வீடு போய்ச் சேர்ந்ததும் மகனையோ மகளையோ இணையத்தில் அதை எடுத்துத் தரச் சொல்லி, நாட்காட்டியில் வட்டமிடுங்கள்.

உடம்பைச் சரிபார்த்த பிறகு பெட்டி

பல் மருத்துவரிடம் முதலில் போங்கள். அங்கே வேர் சிகிச்சைக்கு ஆகும் செலவைக் கேட்டால் இருக்கும் பற்களும் ஆடும். பயணக் காப்பீடும் பெரும்பாலும் பல்லுக்கு உதவாது. கண்ணாடி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். தினசரி மருந்துகளைத் தங்கும் நாள்களுக்கும், மேலே இரண்டு வாரத்துக்கும் சேர்த்து வாங்கி, அட்டையிலிருந்து பிரிக்காமல், மருத்துவர் சீட்டுடன் கைப்பையில் வையுங்கள். சீட்டில் மருந்தின் வணிகப் பெயர் மட்டும் இருந்தால் போதாது, மூலப்பெயரும், அதாவது உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயரும், இருக்க வேண்டும். நம் ஊர் வணிகப் பெயர்கள் அங்கே யாருக்கும் தெரியாது. இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. சரக்கு அறையின் குளிரில் உறைந்துவிட்டால் அது வீண். வளைகுடா வழியாகப் போகிறவர்கள் வலி மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; டிரமடால், கோடீன் கலந்தவற்றுக்கு அங்கே கடும் கட்டுப்பாடு உண்டு.

காப்பீட்டில் இரண்டு வகை. ஒன்று, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று ஒரு சிறு தொகையை நிர்ணயித்துத் தருவது. விலை குறைவு, மருத்துவமனைப் பில்லுக்கு முன்னால் அது சுண்டைக்காய். இன்னொன்று, நாம் முதலில் ஒரு தொகையைக் கட்டிவிட்டால், மீதியில் பெரும்பங்கை ஏற்பது. இரண்டாவதையே வாங்குங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயக் கோளாறு ஆகியவற்றைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் வரிவரியாகப் படித்து உங்களுக்குச் சொல்ல வேண்டும். பல திட்டங்கள் பழைய நோய் திடீரென்று முற்றினால் மட்டுமே, அதுவும் ஒரு வரம்புக்குள் பணம் தருகின்றன. வயது கூடக் கூட வரம்பு சுருங்கும்.

பெட்டியைப் பற்றி ஒரு புராணமே பாடலாம். பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதி இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் வந்துவிடும் என்பது அவர்கள் பயம். அரிசியும் வேண்டாம், ஒருவகை வண்டு காரணம். பழம், காய், இறைச்சி, விதைகள் கூடாது. கொப்பரையை இங்கேயே எடுத்துவிடுவார்கள். கசகசா முக்கியம்: வழியில் விமானம் மாறக்கூடிய ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. வீட்டில் அரைத்த குருமா மசாலாவில் கசகசா சேர்த்திருந்தால் அந்தப் பொட்டலத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். ஊறுகாய், பருப்புப்பொடி, முறுக்கு, அப்பளம் ஆகியவற்றைப் பெரிய பெட்டியில் வைக்கலாம். இறங்கியதும் உணவுப் பொருள் இருக்கிறது என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். சொன்னால் மிஞ்சிப்போனால் பொருள் போகும்; மறைத்தால் அபராதம். கைப்பையில் பொடி 350 மில்லி லிட்டர் அளவுக்கு மேல் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள். விபூதிப் பையும் பொடிதான்.

இங்கே வாங்கிய மிக்ஸி அங்கே ஓடாது. அங்கே மின்சாரம் 110–120 வோல்ட். ஆட்டுக்கல் பாசம் உள்ளவர்கள் 110 வோல்ட் மிக்ஸி என்று கேட்டு வாங்க வேண்டும்.

விமான நாள்

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. துபாய், தோஹா, அபுதாபி, பிராங்க்பர்ட், லண்டன் என்று எங்காவது மாற வேண்டும். இடையில் மூன்று மணி நேரமாவது இருக்கும்படி டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஓட இளவட்டங்களால் முடியும்.

சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே பதியுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. என் கணவர், "எனக்கென்ன, நொண்டியா?" என்று முதல் முறை மறுத்துவிட்டார். மாறும் விமான நிலையத்தில் ஒன்றரை கிலோ மீட்டர் நடந்தோம். அதன் பிறகு அவரே நாற்காலியைத் தேடி உட்காருகிறார். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் உரிய வசதி இல்லை அது. வழி தெரியாதவர்களுக்கும் மொழி புரியாதவர்களுக்கும் ஒரு ஆள் துணை கிடைக்கிறது, அவ்வளவுதான். சைவச் சாப்பாட்டையும் முன்கூட்டியே பதிய வேண்டும். இருந்தாலும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எட்டு, கையில் இருக்கட்டும். அமெரிக்க மண்ணில் இறங்குவதற்குள் தின்று தீர்த்துவிடுங்கள்.

நடைபாதையோர இருக்கை கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். உட்கார்ந்தே இருந்தால் காலில் இரத்தம் கட்டும். கழிப்பறைக்கு எழ வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்களின் பழக்கம். விமானத்தில் அது ஆகாது.

குடியேற்றச் சோதனை நீங்கள் அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் நடக்கும். வேறு ஊருக்கு மாற வேண்டியிருந்தாலும், பெரும்பாலும் அங்கேயே பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். மேலே சொன்ன மாறும் ஊர்களில் அபுதாபி மட்டும் விதிவிலக்கு. அங்கே ஏறுவதற்கு முன்பே அமெரிக்கச் சோதனை முடிந்துவிடுகிறது. பிள்ளையின் முகவரி, தொலைபேசி எண், உங்கள் நோய்கள், மருந்துகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதி இருவரும் ஆளுக்கொன்று வைத்திருங்கள்.

முதல் பத்து நாள்

இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வரும். கவலைப்படாதீர்கள், கோடையில் நியூ ஜெர்சியில் இரவு இரண்டு மணி என்றால் ஊரில் பகல் பதினொன்றரை. நான் அந்த நேரத்தில் என் அக்காவுடன் பேசி முடித்துவிடுவேன். பகலில் எவ்வளவு கண் சொருகினாலும் வெயிலில் கொஞ்சம் நடங்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

வீட்டின் சூட்சுமங்களை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள்: கதவுப் பூட்டின் எண், அடுப்பு, வெந்நீர்க் குழாய், குளிர்சாதனம். முக்கியமாகப் புகை எச்சரிக்கை மணி. மிளகாய் தாளித்தால் அது அலறும். முதல் முறை அலறியபோது என் கணவர் வாசலுக்கு ஓடிவிட்டார், என்னை விட்டுவிட்டு. அவசர எண் 911 என்பதை இருவரும் மனப்பாடம் செய்யுங்கள். கழிப்பறையில் காகிதம்தான் இருக்கும். ஒரு சிறு பிளாஸ்டிக் குவளை ஊரிலிருந்தே வரட்டும். வெளியூர்ப் பயணங்களில் ஒரு தண்ணீர் பாட்டில் அந்த வேலைக்கென்றே இருக்கட்டும். இதை எந்தப் பயண நூலும் எழுதுவதில்லை.

பத்து நாளுக்குள், யார் துணையும் இல்லாமல் நடந்து போய்வரக்கூடிய ஓர் இடத்தைக் கண்டுபிடியுங்கள். பூங்கா, நூலகம், மளிகைக் கடை எதுவானாலும் சரி. எடிசனில் ஓக் ட்ரீ சாலை இருக்கிறது. கொத்தவரங்காய் முதல் குங்குமம் வரை கிடைக்கும், பேச ஆளும் கிடைக்கும். அப்படி ஓர் இடம் இல்லாவிட்டால் மாலையில் கார் வரும் சத்தத்துக்குக் காத்திருப்பதே வேலையாகிவிடும். வேலை முடிந்து களைத்து வருகிற பிள்ளைக்கு அந்தக் காத்திருந்த முகம் பெரிய பாரம்.

ஊர் சுற்றும்போது

பிள்ளைகள் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்ற வேகத்தில் இருப்பார்கள். அதைத் தடுக்க எனக்கு ஒரு சட்டம்: ஒரு நாளில் நாலு மணி நேரத்துக்கு மேல் கார் இல்லை, ஒரு நாளில் ஒரு பெரிய இடம்தான். எடிசனிலிருந்து நயாகரா சுமார் 640 கிலோ மீட்டர். ஒரே மூச்சில் போனால் அருவியைப் பார்க்கும்போது கண்ணில் தூக்கம்தான் தெரியும். வழியில் ஓர் இரவு தங்குங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்ற ஆசை வேண்டாம். தனி இருக்கையில் கட்டித்தான் ஆக வேண்டும், அது சட்டம்.

நயாகராவில் நீல மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு அருவியின் அடிவரை போகும் படகில் ஏறுங்கள். இறங்க மின்தூக்கி இருக்கிறது, முட்டி வலிக்காது. பக்கத்தில் மரப்படிகளில் ஏறி இறங்கும் காட்சியிடம் ஒன்று உண்டு. அதைப் பேரனுக்கு விட்டுவிட்டு கீழே உட்காருங்கள். நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் கிரீடத்துக்குப் பீடத்திலிருந்து மட்டும் 162 படிகள். கீழேயிருந்து பார்த்தாலே அவள் அழகுதான். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் இல்லை, சக்கர நாற்காலியும் இலவசமாகத் தருகிறார்கள். கோயில் என்றால் நியூயார்க் பிளஷிங்கில் பிள்ளையார் கோயில், பிட்ஸ்பர்க்கில் வேங்கடேசுவரர் கோயில், இரண்டும் 1977 முதல் இருக்கின்றன. பிளஷிங் கோயிலின் அடித்தளத்து உணவகத்தில் தோசை சாப்பிடாமல் வராதீர்கள். டல்லாஸுக்கு மே கடைசியிலேயே போய்விடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அங்கே அடிக்கிற வெயிலுக்கு நம் வேலூரிலேயே இருந்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்க விசாவை வைத்துக்கொண்டு கனடாவுக்குள் போக முடியாது. தனி விசா வேண்டும். இது தெரியாமல் முதல் முறை நயாகராவில் தம்பியைச் சந்திப்பதாக ஏற்பாடு. அவன் மனைவிக்கு அப்போது அமெரிக்க விசா இல்லை, எங்களுக்குக் கனடா விசா இல்லை. அவர்கள் அக்கரையில், நாங்கள் இக்கரையில். கைபேசியில் பேசிக்கொண்டே, நான் பச்சைச் சேலை, நான் பச்சைச் சேலை என்று கையை ஆட்டினேன். அவனுக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை சரியாகச் சொல்ல மாட்டேன் என்கிறான். ஆகவே உறவினர் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள், யாரிடம் என்ன விசா என்று எழுதிவைத்துவிட்டுத்தான் கூடும் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

எல்லோரும் ஒரே கூரையின் கீழ்

ஒருவர் வீட்டில் எல்லோரும் கூடினால் அந்த வீட்டுப் பெண் மட்டும் அடுப்படியில் நிற்பாள். மூன்றாம் முறை நாங்கள் பென்சில்வேனியாவின் போக்கனோ மலைப்பகுதியில் நாலு நாளுக்கு ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்தோம். எடிசனிலிருந்து இரண்டு மணி நேரம்தான். மகன் குடும்பம் டல்லாஸிலிருந்து பறந்து வந்தது. தம்பி குடும்பம் இந்த முறை ஒழுங்கான காகிதங்களுடன் காரில் வந்தது. பன்னிரண்டு பேர்.

வீடு பார்க்கும்போதே நான் கேட்டவை இரண்டு: எங்களுக்குத் தரைத்தளத்தில் படுக்கையறை, அதை ஒட்டிக் கழிப்பறை. இதைக் கேட்க வெட்கப்பட்டால் நள்ளிரவில் தெரியாத வீட்டுப் படிகளில் இறங்க வேண்டிவரும். குக்கர், இட்லித் தட்டு, காபி வடிகட்டி மூன்றையும் நாமே கொண்டுபோக வேண்டும். மாவு வீட்டிலேயே அரைத்துக் குளிர்பெட்டியில். சமையலை ஒரு நாளுக்கு ஒரு குடும்பம் என்று பிரித்தோம். என் தம்பி மகன் முறை வந்த நாளில் எல்லோருக்கும் வெறும் ரொட்டியும் வெண்ணெயும்தான், சந்தோஷமாகச் சாப்பிட்டோம். செலவை எப்படிப் பங்கிடுவது என்பதை வீட்டை எடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். எங்கள் பங்கையும் கொடுத்தோம். பிள்ளைகள் மறுத்தார்கள், நான் கேட்கவில்லை.

குழந்தைகளுக்குத் தமிழ் அரைகுறை. அதைத் திருத்திக்கொண்டே இருந்தால் வாயை மூடிக்கொள்வார்கள். நான் ஊரிலிருந்து பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி எடுத்துப் போயிருந்தேன். கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் கட்டம் போட்டேன். தாயம் விழாமல் காய் இறங்காது, வெட்டினால் இன்னொரு ஆட்டம் என்று சொன்னதுதான் தாமதம். இரண்டாம் நாள் மாலை டல்லாஸ் பேத்தி, "தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு" என்று கத்திக்கொண்டு கட்டையை உருட்டினாள். டொரான்டோ பையன் தோற்றுப்போய் அழுதான். எந்த மொழியில் அழுதான் என்று யாரும் கவனிக்கவில்லை.

குழந்தைகளின் படத்தை உறவினர் குழுக்களில் அனுப்புவதற்கு முன் அவர்களுடைய பெற்றோரிடம் கேளுங்கள். எங்கள் மருமகளுக்கு அது பிடிக்காது. நான் கேட்காமல் அனுப்பி ஒரு முறை முகச்சுளிப்பு வாங்கியிருக்கிறேன். பகலில் ஒரு மணி நேரமாவது உங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர் சத்தத்தில் அது உங்களுக்கும் நல்லது, உங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியவர்களுக்கும் நல்லது.

திரும்பும்போது

வட்டமிட்ட ஐ-94 தேதிக்கு ஒரு வாரம் முன்பே விமானம் இருக்க வேண்டும். பெட்டி ஒவ்வொன்றும் பெரும்பாலும் 23 கிலோ. வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து, பேத்தி வரைந்த படங்களா, உறவுக்காரர்களுக்கு வாங்கிய சாக்லேட்டா என்று தரையில் உட்கார்ந்து முடிவெடுக்கும் நிலை வேண்டாம்.

கும்பகோணம் வீட்டுச் சாவி கைப்பையில் இருக்கட்டும். இரண்டாம் முறை நான் அதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பெரிய பெட்டியில் வைத்தேன். நாங்கள் வந்துவிட்டோம், பெட்டி வரவில்லை. இரண்டு நாள் பக்கத்து வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தோம், எதிரே பூட்டிய எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு.